கேஸ் பேப்பரில் 'ஒரு மாதம்'

மும்பையில் குழந்தை மருத்துவம் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த காலம். ஒரு மே மாத மதியம் தாராவியிலிருந்து ஒரு கைக்குழந்தை காய்ச்சலோடு வந்தது. "எத்தனை மாசம்?" என்று கேட்டேன். "ஒரு மாசம் இருக்கும் மேடம்" என்றார் அப்பா. கேஸ் பேப்பரில் அப்படியே எழுதினேன்.

அந்தப் புழுக்கத்திலும் இரண்டு துணியில் சுற்றியிருந்தார்கள். பிரித்துப் போட்டுக் கால் மணி நேரம் கழித்துக் கக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் 100.8. மற்றபடி நன்றாகத்தான் இருந்தான். தொட்டால் சிணுங்கினான், காலை உதைத்தான். ரத்தமும் சிறுநீரும் சரியாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

பின்னால் நின்ற ஆச்சிக்குத்தான் பொறுக்கவில்லை. "ஒரு மாசம் எங்க டாக்டரம்மா? பதினாறாம் நாள் தீட்டுக் கழிச்சு இன்னையோட மூணு நாளுதான் ஆவுது."

பத்தொன்பது நாள்! பிறந்த சில வாரங்களுக்கு, ரத்தத்திலோ, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள முதுகு நீரிலோ கிருமி இருந்தாலும் குழந்தை வெளியே தெளிவாகவே இருக்கலாம். அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2021 வழிகாட்டுதல் வயதை நாளாகப் பிரிக்கிறது: 8 முதல் 21, 22 முதல் 28, 29 முதல் 60. 100.4-ஐத் தொட்டுவிட்டால், முதல் பிரிவில் முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்க இடமே இல்லை. ரத்தம், சிறுநீர், முதுகு நீர் மூன்றும் எடுத்து, அட்மிட் செய்து, ஊசி மருந்து தொடங்க வேண்டும். புரோகால்சிடோனின் போன்ற, அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனைகளை வைத்து எதையாவது தள்ளிப்போடுவதெல்லாம் 22-ஆம் நாளிலிருந்துதான்.

சிறுநீருக்கு ஒட்டியிருந்த பையை எடுக்கச் சொன்னேன். தோலில் இருக்கும் கிருமியும் அதில் சேர்ந்துவிடும். சின்னக் குழாய் போட்டு எடுத்தோம். முதுகில் ஊசி என்றதும் அப்பா முகம் வெளுத்துவிட்டது. "கால் விளங்காமப் போயிடாதே?" தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி போகும் என்று கேஸ் பேப்பரின் பின்பக்கமே படம் போட்டுக் காட்டினேன். ஆச்சி படத்தைப் பார்க்கவில்லை. "எடுங்க" என்றார்.

முதுகு நீர் சுத்தம். சிறுநீரில்தான் ஈ.கோலை கிருமி வளர்ந்தது. இந்த வயதில் அடிக்கடி சிக்குவது அதுதான்.

இப்போதெல்லாம் மாதம் கேட்பதில்லை. தமிழ் வீடு என்றால் பதினாறு கழிந்ததா என்பேன். மராத்தி வீட்டில் பாரசா ஆயிற்றா என்று கேட்கலாம். ஆனால் பன்னிரண்டாம் நாள் வைக்க வேண்டிய அந்தப் பெயர்சூட்டலைப் பலர் வசதிப்படி தள்ளிவைக்கிறார்கள், கணக்கு உதைக்கும். அதனால் பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டையே கேட்டு வாங்கி, விரல்விட்டு எண்ணிவிடுகிறேன்.