குதிக்கும் முன் கால்களைச் சூடாக்குங்கள்

வாலிபால் வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. அதற்கு மேலே கை போக வேண்டுமென்றால் தசை சூடாக இருக்கணும். ஆனால் பல மைதானங்களில் நடப்பது வேறு: வந்ததும் உட்கார்ந்து, கால் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு நிமிஷத்துக்கும் மேலே அப்படியே இருப்பார்கள். இப்படி அசையாமல் நீட்டிவிட்டு உடனே குதித்தால் உயரம் குறையத்தான் செய்யும். அதை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முதலில் 5 நிமிடம் மெதுவான ஓட்டம், லேசாக வியர்க்கும் வரை. பிறகு காலை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் வீசுவது, பக்கத்துக்கு 10. நடந்துகொண்டே லஞ்ச் (lunge: ஒரு காலை நீளமாக முன்னே வைத்து, இரு முழங்காலும் மடங்க இறங்கி எழுவது) 10, முழங்காலை உயர்த்தி 15 மீட்டர் ஓட்டம் இரண்டு முறை, எடையில்லாமல் ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது) 10.

அடுத்ததுதான் முக்கியம், கணுக்கால் துள்ளல். முழங்கால் அதிகம் மடங்காமல், முன்பாதத்தில் மட்டும் 15 துள்ளல், இரண்டு சுற்று. காதைக் கொடுத்துக் கேளுங்கள்: ‘டக் டக்’ என்று சத்தம் வெட்டென்று வந்தால் சரி. ‘தொப்’ என்று கேட்டால் குதிகால் தரையில் இறங்குகிறது, கெண்டைக்கால் நாண் (கெண்டைத் தசையைக் குதிகாலோடு இணைக்கும் நார்) ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யவில்லை.

கடைசியாகப் பாதி வேகத்தில் 3 குதி, முக்கால் வேகத்தில் 3, முழு வேகத்தில் 3. முழுக் குதிகளுக்கு நடுவே அரை நிமிஷ ஓய்வு. இறங்கும்போது முழங்கால்கள் உள்பக்கம் சாய்ந்தால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள்.

மொத்தம் 15 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் கால்தான் சோரும். பெஞ்சில் கால் மணி நேரம் உட்கார்ந்தவர் களமிறங்குமுன் துள்ளலையும் இரண்டு முழுக் குதியையும் மறுபடி போடணும்.