லாங்ஜிங்கில் ஒரு கண்ணாடித் தம்ளர்

பச்சைத் தேநீர் எனக்கு எப்போதும் கஷாய வகையறாதான். உடம்புக்கு நல்லது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்ததுண்டு. சீனாவில் ஹாங்சோவுக்குப் போனதே மேற்கு ஏரியைப் பார்க்கத்தான். பச்சைத் தேநீருக்குப் பேர்போன லாங்ஜிங் கிராமத்துக்குப் போனது, உடன் வந்த நண்பரின் பிடிவாதம்.

ஏரிக்குத் தென்மேற்கே, குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது ஊர். 'டிராகன் கிணறு' என்பது பெயரின் பொருள். அந்தக் கிணறு இன்னும் இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது. எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தோம்.

நாங்கள் போனது ஏப்ரல் தொடக்கம். ஏப்ரல் 5ஐ ஒட்டி சிங்மிங் வரும். முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்து வணங்கும் நாள் அது. அதற்கு முன்னால் பறித்த கொழுந்துக்குத்தான் மவுசு. குளிரில் மெதுவாக வளர்ந்த கொழுந்தில் சுவை தரும் அமினோ அமிலம் அதிகம். வெயில் ஏற ஏற துவர்ப்பு கூடிவிடும். ஏப்ரல் 20 வாக்கில் வரும் குயூ என்ற பருவ நாள் வரை பறிப்பது அடுத்த தரம்.

ஒரு வீட்டு முற்றத்தில் பெரியவர் ஒருவர் இரும்பு வாணலி முன் உட்கார்ந்திருந்தார். கரண்டி இல்லை, கையுறை இல்லை. வெறும் உள்ளங்கையால் இலையை அள்ளுகிறார், உதறுகிறார், வாணலியின் சுவரோடு சேர்த்து அழுத்துகிறார். இதில் பத்து வகைக் கையசைவு உண்டாம். எனக்கு நாலைந்துக்கு மேல் பிரித்தறியத் தெரியவில்லை. பறித்த இலையை முதலில் சில மணி நேரம் பரப்பி வாடவிடுகிறார்கள். அப்புறம் ஒரு வறுவல், கொஞ்சம் ஆறல், மறுபடி ஒரு வறுவல். இலையைக் கறுக்கவைக்கும் நொதிகள் முதல் சூட்டிலேயே அடங்கிவிடுவதால் பச்சை நிலைக்கிறது. ஜப்பானில் இதற்குப் பெரும்பாலும் ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்தத் தேநீரில் கடற்பாசி வாசம் தூக்கலாக இருக்கும். இங்கே வாணலி என்பதால் வறுத்த பயற்றின் வாசம். முற்றம் முழுக்க அதுதான்.

இலை தட்டையாக இருப்பதற்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் சியென்லோங் பேரரசர் இங்கே வந்து கொழுந்து பறித்தாராம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சேதி வரவே, பறித்ததைச் சட்டைக் கைக்குள் திணித்துக்கொண்டு ஓடினாராம். இலை நசுங்கித் தட்டையாயிற்றாம். வாணலியில் அழுத்துவதை நேரில் பார்த்துவிட்டு இதை நம்புவது கஷ்டம். ஆனாலும் அவர் பெயரால் 18 செடிகளுக்கு வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். நானும் படம் எடுத்துக்கொண்டேன்.

வீட்டம்மா எங்களை உட்காரச் சொல்லிவிட்டு 'சா' என்றார், அதாவது தேநீர். தெற்கே ஃபூஜியன் கடற்கரையில் இதே சொல் 'தே'. நம் தேயிலையின் தே அங்கிருந்து கப்பலேறி வந்ததுதான்.

நீளமான கண்ணாடித் தம்ளரில் ஒரு சிட்டிகை இலை போட்டார். மூன்று கிராம் இருக்கும். கெட்டில் கொதித்ததும் ஊற்றுவார் என்று பார்த்தால், மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார். கைபேசி மொழிபெயர்ப்பில் கேட்டேன். 80 டிகிரிக்கு இறங்க வேண்டுமாம். பிறகு இலை நனையும் அளவுக்குக் கொஞ்சம் ஊற்றி, தம்ளரைச் சுழற்றி, மிச்சத்தை உயரத்திலிருந்து ஊற்றினார். மிதந்த இலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, தயங்கித் தயங்கி அடியில் போய் நின்றன.

முதல் வாய்க்கு, வெந்நீர்தானே என்று தோன்றியது. விழுங்கிய பிறகுதான் தொண்டையில் ஒரு இனிப்பு எட்டிப் பார்த்தது. தம்ளரை முழுக்கக் காலி செய்யவிடவில்லை; மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதே மறுபடி ஊற்றினார். அந்த இரண்டாவது ஊற்றுதான் பிரமாதம். மூன்றாவதில் வாசம் போய் இனிப்பு மட்டும் மிஞ்சியது.

இந்தக் குன்றுகளைச் சுற்றி 168 சதுர கிலோமீட்டருக்குள் விளைந்தால்தான் 'மேற்கு ஏரி லாங்ஜிங்' என்று பெயர் போடலாம். விலையும் அதற்கேற்ப இருந்தது. சின்னப் பொட்டலம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

இரவு விடுதி அறையில் ஆசை தாங்கவில்லை. கெட்டில் கொதித்து அணைந்ததும் பழைய பழக்கத்தில் அப்படியே ஊற்றிவிட்டேன். தண்ணீர் மஞ்சளாகி, ஒரு வாய் குடித்தால் அதே பழைய கஷாயம். அவ்வளவு விலை கொடுத்த இலை! அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஒரு சிட்டிகை போட்டேன். கெட்டிலை மறுபடி கொதிக்கவிட்டு, மூடியைத் திறந்து வைத்துவிட்டு நண்பரிடம் பேச உட்கார்ந்தேன்.