பவர் ஆம்ப் தேடல்: 38 கிலோவில் தொடங்கி 5.7 கிலோவில் முடிந்தது

போன தீபாவளிக்கு ஸ்பீக்கர் மாற்றினேன், கெஃப் ஆர்3. வால்யூம், பவர் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கும் பழைய இன்டகிரேட்டட் ஆம்பிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன், நன்றாகத்தான் பாடியது. ஆனால் இந்த ஸ்பீக்கருக்கு ஒரு பெரிய பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டுவது மட்டுமே வேலை) போட்டால் எப்படி இருக்கும் என்ற குடைச்சல் தொடங்கிவிட்டால் அப்புறம் தூக்கம் ஏது. ஸ்பெக்கில் சென்சிட்டிவிட்டி 87 டெசிபல், மின்தடை 8 ஓம் என்று போட்டுவிட்டு, குறைந்தபட்சம் 3.2 ஓம் என்றும் போட்டிருக்கிறார்கள். அந்த 3.2-தான் என்னைப் பயமுறுத்தியது. ஓம் குறையக் குறைய ஆம்ப் அதிகக் கரண்ட் தள்ள வேண்டும், எல்லா ஆம்பும் அதைத் தாங்காது. அதனால் 300 வாட்டுக்குக் குறைந்த எதையும் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தேன். எந்தக் கணக்கும் போடாமல் எடுத்த முடிவு.

இப்படித்தான் அந்த 38 கிலோ பெட்டி வீட்டுக்கு வந்தது. கிளாஸ் ஏபி, இரண்டு பக்கமும் கத்தி மாதிரி ஹீட்சிங்க், உள்ளே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு டொராய்டு, அதாவது வளைய வடிவ டிரான்ஸ்பார்மர். கம்பெனி பெயர் வேண்டாம், நான் சொல்லப்போவது அந்த ஒரு பெட்டியின் கதை மட்டும். தெரிந்த கடைக்காரர் ஒரு வாரம் வைத்துக் கேட்டுப் பாருங்கள் என்று கொடுத்தார். எங்கள் வீடு மூன்றாவது மாடி, அன்றைக்கு லிஃப்ட் ரிப்பேர். ஸ்விட்ச் போட்டதும் எம்சிபி விழுந்தது. இவ்வளவு பெரிய டொராய்டு முதல் நொடியில் இழுக்கும் கரண்ட் ரொம்ப அதிகம், சாஃப்ட் ஸ்டார்ட் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். ஏசிக்குப் போட்ட 16 ஆம்பியர் பிளக்கில் செருகியதும் ஓடியது.

ஒப்பிட்டுப் பார்க்க நண்பர் ஒருவரிடம் ஹைபெக்ஸ் என்சி252எம்பி மாட்யூல் போட்டு அவரே கட்டிய கிளாஸ் டி (ஸ்விட்ச் மாதிரி ஆன்-ஆஃப் ஆகி ஓடும், அதிகம் சூடாகாத வகை) ஆம்ப் வாங்கிவந்தேன், புத்தகம் மாதிரி சின்னப் பெட்டி. முதல் நாள் கேட்டதில் பெரிய பெட்டிதான் அபாரம். ஒலி மேடை விரிந்தது, தவிலில் அடி விழுந்தால் நெஞ்சில் இறங்கியது, சின்னப் பெட்டி சப்பென்று இருந்தது. மனைவியிடம் கைகாலை ஆட்டி ஒரு மணி நேரம் விளக்கினேன்.

மறுநாள் சும்மா மல்டிமீட்டரை ஸ்பீக்கர் முனையில் வைத்துப் பார்த்தேன். ஒரே வால்யூமில், ஒரே டெஸ்ட் டோனுக்கு, சின்னப் பெட்டி 2.0 வோல்ட் கொடுத்தது. பெரியது 2.8. அதாவது 3 டெசிபல் வித்தியாசம். ஒன்றின் கெயின் (உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெரிதாக்குகிறது என்ற அளவு) 26 டெசிபல் பக்கம், இன்னொன்றுக்கு 29. நான் மேடை, ஆழம், மூச்சு என்று வர்ணித்ததெல்லாம் வெறும் சத்தக் கூடுதல்! கொஞ்சம் அதிகமாக ஒலிப்பதைக் காது 'நன்றாக இருக்கிறது' என்றுதான் கேட்கும், 'சத்தமாக இருக்கிறது' என்று தனியாகச் சொல்லாது. கடையில் டெமோ கேட்டு ஆம்ப் வாங்குகிறவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

இதற்குப் பிறகுதான் ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். செய்வது சுலபம். நீங்கள் வாழ்க்கையில் கேட்கக்கூடிய அதிகபட்ச சத்தத்துக்கு வால்யூமை வையுங்கள், வீட்டில் திட்டு விழும் அளவுக்கு. பிறகு வால்யூமைத் தொடாமல், ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, மைனஸ் 12 டெசிபலில் பதிவான 120 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டி ஆம்ப் முனையில் ஏசி வோல்ட் அளந்து பாருங்கள். அதை நான்கால் பெருக்கினால் (12 டெசிபல் என்றால் வோல்ட்டில் நான்கு மடங்கு), பாட்டின் உச்சத்தில் உங்களுக்குத் தேவையான வோல்ட். எனக்கு 2.1 வந்தது, அப்படியானால் 8.4 வோல்ட். 8 ஓமில் 9 வாட்கூட இல்லை. அந்த 3.2 ஓம் பள்ளத்திலேயே வைத்துப் பார்த்தாலும் 22 வாட். கொஞ்ச நேரம் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன், பேட்டரி போய்விட்டதோ என்று. சரி, பாதுகாப்புக்கு 6 டெசிபல் மார்ஜின் வைப்போம். வோல்ட் இரட்டிப்பாகி 16.8, வாட் நான்கு மடங்கு. 8 ஓமில் 35, 3.2 ஓமில் 88. 300 வாட் தேவை என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, நானேதான்.

அடுத்தது, கண்ணை மூடிக் கேட்கும் சோதனை. இரண்டு ஆம்பையும் 2.00 வோல்ட்டுக்குப் பொருத்தினேன், 0.02-க்குள் இருக்க வேண்டும், அது சுமார் 0.1 டெசிபல். ரிச்சி தெருவில் ரிலேக்களும் பனானா பிளக்கும் வாங்கி ஒரு மாற்றுப் பெட்டி செய்தேன். சிவப்பு, கறுப்பு இரண்டு முனையையும் சேர்த்தே மாற்ற வேண்டும், பிரிட்ஜ் வகை ஆம்புகளில் கறுப்பு முனை கிரவுண்ட் கிடையாது, கறுப்பைப் பொதுவாகக் கட்டினால் புகை வரும். மாற்றுகிற வேலை மனைவியின் தம்பிக்கு. காசைச் சுண்டிப் போட்டு அவன் முடிவு செய்வான், நான் எது ஓடுகிறது என்று எழுதுவேன். 16 சுற்று. குருட்டாம்போக்கில் சொன்னால் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வருவது கடினம், நூற்றில் நான்கு தடவைதான் நடக்கும்.

எனக்கு 14 வந்தது. குதித்தேன். அவன் நிதானமாக, "மாமா, பாட்டு நிக்கிறப்ப அந்தப் பெரிய பெட்டி உர்ர்னு உறுமுதே, எனக்கே தெரியுதே" என்றான்.

உண்மைதான். ஸ்பீக்கரிலிருந்து இல்லை, டிரான்ஸ்பார்மரே இரும்புக்குள் உறுமிக்கொண்டிருந்தது. மாற்றும்போது எந்தப் பெட்டி ஸ்டாண்ட்பையில் போகிறது, எது விழிக்கிறது என்பது அந்த உறுமலிலேயே தெரிந்துவிட்டது. அதிலும் ஒரு வேடிக்கை, பக்கத்து அறையில் மனைவி ஹேர் டிரையரை மெதுவான வேகத்தில் போட்டால் உறுமல் இரண்டு மடங்கானது. மலிவான டிரையர்களில் மெதுவான வேகம் என்பது வெறும் ஒரு டயோடு, ஏசியின் பாதி அலையை மட்டும் இழுக்கும். அதனால் வீட்டு மின்சாரத்தில் கொஞ்சம் டிசி கலந்துவிடும், டொராய்டுக்கு டிசி என்றால் ஆகவே ஆகாது, கோர் ஒரு பக்கமாகத் தெவிட்டிப்போய் அதிர ஆரம்பிக்கும். இதற்கு டிசி பிளாக்கர் என்று ஒரு சின்ன சர்க்யூட் உண்டு, ஆனால் இரவல் பெட்டிக்கு அதைச் செய்து மாட்டும் பொறுமை எனக்கில்லை.

இரண்டு பெட்டியையும் கதவுக்கு வெளியே ஹாலில் வைத்து, 4 சதுர மில்லிமீட்டர் வயர் 6 மீட்டர் இழுத்து மறுபடி 16 சுற்று. ஒன்பது சரி, குருட்டாம்போக்கில் சொன்னாலும் அவ்வளவு வரும். அவ்வளவுதான் கதை. (அந்த வயரின் ரெசிஸ்டன்ஸ் போக வர 0.05 ஓம். டேம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கரின் 8 ஓமை ஆம்பின் உள் ரெசிஸ்டன்ஸால் வகுத்த எண்) 500 என்று பெருமையடிக்கும் ஆம்பின் உள் ரெசிஸ்டன்ஸ் 0.016 ஓம்தான். வயரிலேயே அதைப்போல மூன்று மடங்கு போய்விடுகிறது, அப்புறம் 500 என்ன 1000 என்ன.)

1985-ல் பாப் கார்வர் ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்களிடம் சவால் விட்டு, 48 மணி நேரத்தில் தன் டிரான்சிஸ்டர் ஆம்பை ஒரு விலையுயர்ந்த வால்வு ஆம்ப் மாதிரியே ஒலிக்க வைத்தார், அவர்களாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதைப் பல வருடம் முன்பே படித்திருந்தேன். என் காது வேறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வித்தியாசம் கேட்கவே கேட்காது என்று நான் சொல்லவில்லை. என்னிடம் நெல்சன் பாஸ் வெளியிட்ட எஃப்5 வரைபடத்தை வைத்து நானே கட்டிய கிளாஸ் ஏ ஆம்ப் இருக்கிறது, 25 வாட். பிளஸ் மைனஸ் 24 வோல்ட், சேனலுக்கு 1.3 ஆம்பியர் பயாஸ் (சும்மா இருக்கும்போதே ஓடும் கரண்ட்), அதாவது பாட்டே ஓடாவிட்டாலும் இரண்டு சேனலும் சேர்ந்து 125 வாட் வெப்பமாகக் கக்கும். சாதாரணமாகக் கேட்கையில் அதையும் என்னால் பிரித்தறிய முடியவில்லை, 16-க்கு 10. ஆனால் ஒரு நாதஸ்வரப் பதிவை வழக்கத்தைவிட ஏற்றிவைத்துத் தவில் தனி வந்தபோது தெளிவாகவே தெரிந்தது, அடி மழுங்கியது. 14 வோல்ட்டுக்கு மேல் அதனால் போக முடியாது, கிளிப் ஆகிறது, அதாவது அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. கணக்கில் 16.8 என்று மார்ஜின் வைத்ததற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது. அதோடு சென்னை மே மாதத்தில் 125 வாட் அடுப்பை அறைக்குள் வைத்து, அதைக் குளிர்விக்க ஏசி போடுவது, இரண்டு மாத கரண்ட் பில்லைப் பார்த்தால் காதல் குறைந்துவிடும்.

ஆக, எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: 8 ஓமில் 100 வாட் வாக்கில், 3 ஓமில் திணறாமல், உறுமாமல், ஃபேன் இல்லாமல், சூடாகாமல், கெயின் குறைவாக. கடைசியில் சொன்ன கெயினை யாரும் பேசுவதே இல்லை. என் டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான சிக்னலாக மாற்றும் பெட்டி) பேலன்ஸ்டு அவுட்டில் 4 வோல்ட் தரும். 29 டெசிபல் கெயின் என்றால் அது 28 மடங்கு, கிடைப்பது 112 வோல்ட், நான் என்ன ஊர்த் திருவிழாவா நடத்துகிறேன்? வால்யூம் எப்போதும் அடியிலேயே கிடக்கும், டாக்கின் இரைச்சலும் 28 மடங்காகி, ஸ்பீக்கரில் உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டரில் உஸ் என்று கேட்கும்.

இந்தப் பட்டியலோடு தேடினால் சில பெயர்கள்தான் மிஞ்சின. அதில் பெஞ்ச்மார்க் ஏஹெச்பி2, பெங்களூரில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. 8 ஓமில் 100 வாட், 4 ஓமில் 190. பவர் சப்ளை ஸ்விட்ச்மோடு, டொராய்டு இல்லை. கெயினை மாற்றப் பெட்டியின் பின்புறம் மூன்று நிலை ஸ்விட்ச், நடுவில் வைத்தால் 17 டெசிபல், 4 வோல்ட்டுக்குச் சரியாக முழு 100 வாட். கிளிப் ஆனால் முன்னால் விளக்கு எரியும். எக்ஸ்எல்ஆர் (பேலன்ஸ்டு சிக்னலுக்கான மூன்று முனை பிளக்) இன்புட் மட்டும்தான், வழக்கமான ஆர்சிஏ பிளக் வைத்திருப்பவர்கள் தனி கேபிள் தேட வேண்டும். விலை செகண்ட் ஹேண்டிலும் கசக்கத்தான் செய்தது, கிளாஸ் டி பெட்டியே எனக்குப் போதும் என்று சோதனை சொன்னபிறகும் இதை வாங்கியதில் ஆசைக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை. 5.7 கிலோ. தோள்பையில் போட்டு ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

மூன்று மாதம் ஆகிறது. ட்வீட்டரில் காதை ஒட்டினால்கூட ஒன்றும் கேட்கவில்லை, கிளிப் விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை. எஃப்5-ஐ விற்கவில்லை, மார்கழி விடியற்காலைக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். பக்கத்து அறையில் ஹேர் டிரையர் ஓடினால் ஆம்ப் இப்போது உறுமுவதில்லை. டிரையர் போடும் சத்தத்துக்கு மட்டும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.