சிக்கன விலையில் பம்ப் ஷாட்கன்: எதைப் பார்த்து வாங்குவது

அமெரிக்காவில் பறவை வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் ஒரே 12 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு) பம்ப் ஷாட்கன், அதாவது முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் துப்பாக்கி, போதும் என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மேவரிக் 88. விலை குறைவு, ஆனால் உள்ளமைப்பு பெரும்பாலும் மாஸ்பெர்க் நிறுவனத்தின் 500 என்ற மாடலினுடையதுதான். தோட்டாக்களை வைத்திருக்கும் மேகசின் குழாயின் நீளம் ஒத்துப்போனால் 500-இன் பேரல்களும் (சுடும் குழல்களும்) இதில் பொருந்தும். வேட்டைக்கு 28 அங்குலப் பேரலோடு வாங்கி, பின்னால் வீட்டுக் காவலுக்கு 18.5 அங்குலப் பேரல் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்.

இடக்கைக்காரர்களுக்கு 500-ஐத்தான் சொல்வேன். அதன் சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) மேல்புறம், கட்டைவிரலுக்கு நேராக இருக்கிறது. 88-இல் அது டிரிகர் வளையத்தில் இருக்கும் குறுக்குப் பொத்தான்.

1950-இல் வந்த ரெமிங்டன் 870-இன் ரிசீவர் (இயங்கும் பாகங்கள் இருக்கும் நடு உடல்) எஃகு, உழைக்கும். ஆனால் அதன் மலிவுப் பதிப்பான எக்ஸ்பிரஸில் மேல்பூச்சு எளிதில் துருப்பிடிக்கும். சேம்பர் (சுடும்போது தோட்டா இருக்கும் பேரலின் பின்பகுதி) சொரசொரப்பாக இருந்தால் சுட்ட மலிவுத் தோட்டா உப்பி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். முன்பிடியை எவ்வளவு இழுத்தாலும் வராது. சேம்பரை மெருகேற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பழையதை வாங்கும்போது, காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகு மருந்தில்லாத டம்மி தோட்டாக்களை ஏற்றி ஓட்டிப் பாருங்கள். ஒரு இழுப்புக்கு ஒன்றுதான் மேகசினிலிருந்து வர வேண்டும். இரண்டு வந்தால், தோட்டாக்களை மேகசினில் தடுத்து நிறுத்தும் ஷெல் ஸ்டாப் தேய்ந்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. பேரலில் வீக்கம் தெரிந்தால் பேரமே வேண்டாம், வைத்துவிட்டு வாருங்கள்.

புதியவர்களுக்குத் தோட்டா ஏறாமல் போவதற்கு முக்கியக் காரணம் முன்பிடியை முழுதும் இழுக்காமல் பாதியிலேயே முன்னால் தள்ளிவிடுவது. கடைசிவரை பலமாக இழுத்துத் தள்ள வேண்டும். வாத்து, புறா வேட்டைக்கு மேகசினில் கொள்ளளவைக் குறைக்கும் அடைப்புக் கட்டை கட்டாயம். மொத்தம் 3 தோட்டாக்கள்தான் அனுமதி.