விலையைக் குறைத்தும் விற்காத ஊசி

காப்புரிமை முடிந்தால் போட்டி வரும், போட்டி வந்தால் விலை சரியும் என்பது மாத்திரைகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் பொய்க்காத கணக்கு. உயிருள்ள செல்களில் வளர்த்தெடுக்கப்படும் உயிரிமருந்துகளின் சந்தையில் அது எப்படிப் பொய்த்தது என்பதை முடக்குவாதத்துக்குத் தரப்படும் ஹுமிரா ஊசியின் வரலாற்றில் காணலாம்.

2002 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்தின் மூலக் காப்புரிமை 2016இல் காலாவதியானது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆம்ஜென் நிறுவனத்தின் ஆம்ஜெவிட்டா என்ற பயோசிமிலருக்கு, அதாவது மூல உயிரிமருந்தை மிக நெருக்கமாக ஒத்த மாற்று மருந்துக்கு, ஒப்புதலும் கிடைத்துவிட்டது. ஆனால் அது அங்கே விற்பனைக்கு வந்தது 2023 ஜனவரியில்தான். தயாரிப்பு முறை, கலவை, மருந்தளவு என்று ஹுமிராவின் உற்பத்தியாளரான ஆப்வி நிறுவனம் அடுக்கடுக்காகப் பெற்றிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளும், அவற்றைக் காட்டிப் போட்டியாளர்களுடன் அது செய்துகொண்ட சமரச ஒப்பந்தங்களுமே இந்தத் தாமதத்துக்குக் காரணம். இதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு 2022இல் மேல்முறையீட்டிலும் தோற்றது: 132 கண்டுபிடிப்புகளைச் செய்தவர் 132 காப்புரிமைகளை வைத்துக்கொள்வதில் என்ன தவறு என்றே நீதிமன்றம் கேட்டது. ஐரோப்பாவில் 2018 அக்டோபரிலேயே போட்டி தொடங்கிவிட்டது. இந்தியாவில் ஸைடஸ் கேடிலா 2014 டிசம்பரிலேயே தன் பயோசிமிலரான எக்ஸெம்ப்டியாவை வெளியிட்டிருந்தது.

என்னை அதிகம் வியக்க வைத்தது அமெரிக்காவில் போட்டி தொடங்கிய பிறகு நடந்ததுதான். ஆம்ஜென் ஒரே ஊசிக்கு இரண்டு விலைகளை அறிவித்தது. ஒன்று ஹுமிராவைவிட 5 சதவீதமும் மற்றொன்று 55 சதவீதமும் குறைவு. பாதி விலைக்குக் கிடைப்பதை விட்டுவிட்டு மற்றதை யார் வாங்குவார்கள் என்று தோன்றலாம். ஆனால் அமெரிக்காவில் எந்த மருந்துக்குக் காப்பீடு உண்டு என்ற பட்டியலைத் தயாரிக்கும் இடைநிலை நிறுவனங்களுக்கு, உற்பத்தியாளர் பின்னர் திருப்பித் தரும் தள்ளுபடியும் கட்டணமும் வருமானத்தின் ஒரு பகுதி. அறிவிக்கப்பட்ட விலை உயர்ந்திருந்தால்தான் அந்தத் தள்ளுபடியும் பெருகும். எனவே 2023 முடிந்தபோதும் மருந்துச்சீட்டுகளில் பெரும்பங்கு ஹுமிராவிடமே இருந்தது. 2022இல் 2,120 கோடி டாலரைத் தாண்டிய அதன் உலகளாவிய விற்பனை அடுத்த ஆண்டில் சுமார் 1,440 கோடியாகக் குறைந்ததற்கு, பட்டியலில் இடத்தைத் தக்கவைக்க ஆப்வி கூட்டிக் கொடுத்த தள்ளுபடி முக்கியமான காரணம்.

2024 ஏப்ரலில், அத்தகைய இடைநிலை நிறுவனம் ஒன்றையும் நடத்தும் சி.வி.எஸ். நிறுவனம் தன் முக்கியப் பட்டியல்களிலிருந்து ஹுமிராவை நீக்கிய பிறகே நிலைமை மாறியது. சில வாரங்களிலேயே மருந்துச்சீட்டுகள் சான்டோஸ் நிறுவனத்தின் பயோசிமிலரான ஹைரிமோஸ் பக்கம் திரும்பின. அந்த ஹைரிமோஸைச் சான்டோஸுடன் சேர்ந்து சந்தைப்படுத்துவது சி.வி.எஸ்.ஸின் துணை நிறுவனமான கார்டாவிஸ் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தன் பயோசிமிலரான யூசிம்ரியை ஹுமிராவைவிடச் சுமார் 85 சதவீதம் குறைந்த விலைக்கு விற்க முன்வந்த கொஹீரஸ் நிறுவனமோ, அதே 2024இல் அம்மருந்தை 4 கோடி டாலருக்கு வேறொரு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு இந்தச் சந்தையைவிட்டு வெளியேறியது.