கண்மாயில் கண்டெடுத்த எலும்புகள்

பங்குனி பிறந்து, கண்மாய்த் தண்ணீர் மடையை விட்டு இறங்கி நடுப்பள்ளத்தில் மட்டும் தேங்கி நிற்கும் காலத்தில், எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் சட்டைப் பைகளில் எலும்புகள் சேரத் தொடங்கும். வெடித்துக் கிடக்கும் வண்டலில் நத்தைக் கூடுகளும் மட்டிச் சிப்பிகளும் மீன் முள்ளும் கொக்கின் கால் எலும்பும் வெயிலில் வெளுத்துப்போன ஆட்டுத் தாடையும் சிதறிக் கிடக்கும். பெரியவர்களாகிய நாம் அவற்றைக் கடந்து போய்விடுகிறோம். பிள்ளைகள் குனிந்து எடுத்துவிடுகிறார்கள். எடுத்த மாத்திரத்தில், "சீ, கீழே போடு" என்று ஒரு குரல் எங்கிருந்தாவது வந்துவிடும்.

கையைக் கழுவச் சொல்வது அவசியம்தான். அதைப் பற்றிப் பிறகு விரிவாகவே எழுதுகிறேன். ஆனால், பார்க்கவே விடாமல் தட்டிவிடுவது பெரிய இழப்பு என்பது என் உறுதியான எண்ணம். உயிரோடிருக்கும் எந்த விலங்கும் ஒரு குழந்தைக்காக அசையாமல் நின்று தன் வாயையும் மூட்டையும் முதுகெலும்பையும் காட்டாது. அது எதைத் தின்றது, எப்படி நடந்தது, எத்தனை வயதுவரை இருந்தது என்பதையெல்லாம் உட்கார்ந்து நிதானமாகப் பார்ப்பதற்கு எலும்பு மட்டுமே இடம் கொடுக்கிறது. அதிலும், விடையைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை தானே கேள்வியைக் கண்டுபிடிக்கிற வாய்ப்பு பாடப் புத்தகத்தில் அரிதாகவே கிடைக்கிறது.

கோடை விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகன் ஓர் ஆட்டுத் தலையெலும்பைக் கீழ்த்தாடையோடு கண்டெடுத்தான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அத்தை, இதுக்கு மேல முன்பல்லே இல்லையே, உடைஞ்சு போச்சா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. பல் விழுந்திருந்தால் அந்த இடத்தில் என்ன இருக்கும் என்று மட்டும் திருப்பிக் கேட்டேன். கடைவாய்ப் பக்கம் ஒரு பல் உதிர்ந்த குழி இருந்தது. அதில் விரல் நுனியை வைத்துப் பார்த்தான். பிறகு முன்பக்கம் தடவிப் பார்த்தான்; அங்கே குழியே இல்லை, எலும்பு வழவழவென்று இருந்தது. அப்படியானால் அங்கே பல் முளைத்ததே இல்லை என்று அவனே சொன்னபோது அவன் முகத்தில் இருந்த தெளிவை, நான் முந்திக்கொண்டு விளக்கியிருந்தால் பார்த்திருக்க முடியாது.

ஆடு, மாடு, மான் போன்ற அசைபோடும் விலங்குகளுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. அந்த இடத்தில் தடித்த ஈறுபோன்ற ஒரு பட்டை உண்டு. கீழ்ப்பற்கள் புல்லை அதன்மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ள, தலையைச் சட்டென்று இழுத்துப் புல்லைப் பறிக்கின்றன. இதைச் சரிபார்க்க நாங்கள் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுவதற்காக வந்திருந்த கீதாரி ஒருவர் கண்மாய்க்குள்தான் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். பையன் கையிலிருந்த தாடையைப் பார்த்ததும் அவர் முகம் சுளிக்கவில்லை. வாங்கி முன்பற்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆறு பல்லு தம்பி, மூணு வருசத்து ஆடு" என்றார். பிறகு தம் மந்தையிலிருந்து ஒன்றைப் பிடித்து வாயைத் திறந்து காட்டினார். பல் போடாத குட்டி, ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், எட்டும் முளைத்துக் கடை சேர்ந்தது என்று பால்பல் விழுந்து நிலைப்பல் ஜோடி ஜோடியாக முளைக்கும் கணக்கை வைத்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் வயது சொல்வது சந்தைக்குப் போகிற எவருக்கும் தெரிந்த வழக்கம். பையனின் கையிலிருந்த தாடையில் நடுவே ஆறு பற்கள் அகலமாகவும், இரு ஓரத்திலும் ஒவ்வொன்று சிறிதாகவும் இருந்தன. அந்தச் சிறிய இரண்டும் பால்பற்கள். அவை விழுவதற்குள் ஆடு இறந்துவிட்டது.

பல்லுக்கும் ஆயுளுக்கும் இப்படியோர் உறவு இருப்பதைப் பிள்ளைகள் புரிந்துகொண்ட பிறகு, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நிற்கும் யானையின் எலும்புக்கூடு அவர்களுக்கு வேறு பொருள் தருகிறது. யானைக்குக் கடைவாய்ப் பற்கள் வாழ்நாளில் ஆறு தொகுதிகளாக வருகின்றன; தேய்ந்துபோன பல்லை அடுத்த பல் பின்னாலிருந்து முன்னோக்கித் தள்ளிக்கொண்டு வருகிறது. ஆறாவதும் தேய்ந்துவிட்டால் மெல்ல முடியாமல் முதிய யானை மெலிந்து இறக்கிறது. யானை மண்டையோட்டின் நெற்றி நடுவே இருக்கும் பெரிய துளையைப் பார்த்து ஒற்றைக் கண் என்றுதான் எல்லாக் குழந்தைகளும் முதலில் நினைக்கிறார்கள். அது தும்பிக்கை தொடங்கும் மூக்குத் துளை. கண்ணுக்கான பள்ளங்கள் பக்கவாட்டில் இருக்கின்றன.

எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது, ஊர்ச் சிவன் கோயில் கோபுரத்தின் அடியில் கிடைக்கும் உருண்டைகள். கோபுரப் பொந்தில் கூகை என்ற ஆந்தை குடியிருக்கிறது. கூகை எலியைப் பெரும்பாலும் முழுதாகவே விழுங்கிவிடும். செரிக்காத மயிரையும் எலும்பையும் வயிற்றிலேயே உருட்டி வாய்வழியாகக் கக்கிவிடும். பார்ப்பதற்குக் கருஞ்சாம்பல் நிறத்தில் கட்டைவிரல் பருமனில் இருப்பதால் எச்சம் என்று நினைத்துப் பெருக்கித் தள்ளிவிடுகிறார்கள். நாங்கள் கீழே விழுந்தவற்றை மட்டும் எடுத்து, நன்றாக வெயிலில் காயவைத்து, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கையுறை போட்டுக்கொண்டு ஊசியால் மெல்லப் பிரிக்கிறோம். மயிர் விலக விலக, நெல்மணியை விடச் சிறிய முதுகெலும்புகளும், நூலிழை போன்ற விலா எலும்புகளும், உடையாத மண்டையோடும் வெளிவரும். பருந்தைவிடக் கூகையின் வயிற்று அமிலம் வீரியம் குறைந்தது என்பதால்தான் எலும்புகள் கரையாமல் முழுதாகக் கிடைக்கின்றன.

அந்த மண்டையோடுகளில் இரண்டு வகை இருப்பதை என் மகள்தான் முதலில் பிரித்து வைத்தாள். ஒரு வகையில் முன்பற்கள் உளிபோல் வளைந்து, முன்புறம் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. அவற்றுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தது. மற்றொன்றில் இடைவெளி இல்லை. பற்கள் வெண்மையாகவும் கூராகவும் வரிசையாக நின்றன. முதலாவது எலி. பல்லின் முன்பக்க எனாமலில் சேரும் இரும்புச்சத்தே அந்த நிறத்துக்கும் உறுதிக்கும் காரணம். பின்பக்கம் மென்மையாக இருப்பதால் தேயத் தேயப் பல் தானாகக் கூராகிக்கொள்கிறது. இரண்டாவது மூஞ்சூறு. எலி வகையில் ஒன்றென்று நாம் நினைக்கும் மூஞ்சூறு, பூச்சிகளைத் தின்னும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. இதை நான் சொல்லியிருந்தால் மறுநாளே மறந்திருப்பாள். பற்களை ஊசிமுனையில் எடுத்து அடுக்கியவள் மறக்கவில்லை. நெல்வயலில் எலி பிடிக்கும் கூகை போன்ற பறவைகள் அமரக் குச்சி நட்டு வைப்பது எதற்கென்றும் அவளுக்கு அன்றுதான் விளங்கியது.

சமையலறையிலும் இந்த ஆர்வத்துக்குத் தீனி உண்டு. கத்தாளை மீனின் தலையை உடைத்தால் இரண்டு வெள்ளைக் கற்கள் கிடைக்கும். கேட்பதற்கும் நீரில் சமநிலை காப்பதற்கும் மீனுக்கு உதவுகிற செவிக்கற்கள் அவை; அவற்றில் படியும் வளையங்களை எண்ணி ஆய்வாளர்கள் மீனின் வயதைக் கணிக்கிறார்கள். கோழிக்கால் எலும்பைச் சில நாட்கள் வினிகரில் ஊறவைத்தால் சுண்ணாம்புச் சத்து கரைந்து, கொலாஜன் என்ற புரதம் மட்டும் மிஞ்சி, எலும்பு ரப்பராக வளையும்.

"மீதியெல்லாம் எங்கே போச்சு?" என்பது தவறாமல் வரும் கேள்வி. இதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். முதலில் ஈ வருகிறது, அதன் புழுக்கள் தசையைத் தின்கின்றன, காகமும் நாயும் பங்கு கேட்கின்றன, கடைசியில் வண்டுகளும் எறும்புகளும் ஒட்டியிருக்கும் தோலையும் நாரையும் சுத்தம் செய்கின்றன. முன்பு இந்த வேலையில் பெரும்பங்கு பிணந்தின்னிக் கழுகுகளுடையது. மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி, செத்த மாட்டின் உடலிலிருந்து கழுகுக்குப் போய், அதன் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுக் கழுகுகள் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்துபோயின. 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை வந்தது. தமிழ்நாட்டில் இன்று அவற்றைப் பார்க்க நீலகிரியின் அடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கு வரை போக வேண்டும். இத்தனையும் ஓர் எலும்பைப் பற்றிய கேள்விக்கான பதில்தான். பிள்ளைகள் இதை வாயைப் பிளந்தபடி கேட்டார்கள்.

சாவைப் பற்றியும் கேட்பார்கள். "செத்தப்போ அதுக்கு வலிச்சிருக்குமா?" என்றும், "எனக்குள்ளயும் இப்படித்தான் இருக்கா?" என்றும் மகள் கேட்டாள். வலித்திருக்கலாம், இப்போது வலிக்காது என்றேன். உனக்குள்ளும் இருக்கிறது என்று சொல்லி, அவள் விரலை அவளுடைய தாடையின் ஓரத்தில் வைத்துக் காட்டினேன். வாயைத் திறந்து மூடி மூட்டு அசைவதை உணர்ந்தவள், ஆட்டின் தாடையிலும் அதே மூட்டைத் தேடினாள். பயந்துபோவாள் என்று எதிர்பார்த்த அப்பத்தாவுக்குத்தான் வியப்பு. இறந்ததன் பொருளை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அப்பத்தாவின் முடிவு. அதை நான் மதிக்கிறேன். தொழுவத்தின் மூலையில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது, எல்லாம் அங்கேதான்.

கட்டுப்பாடுகள் சில உண்டு, அவற்றில் தளர்வு கிடையாது. சதையோ தோலோ வாடையோ இருக்கும் எதையும் தொடக்கூடாது. முற்றிலும் காய்ந்து வெளுத்த எலும்பு மட்டும்தான், அதுவும் கையுறையோடு, பின்பு சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு. செத்துக் கிடக்கும் வௌவாலையும் பறவையையும் நெருங்கவே கூடாது. திடீரென்று செத்த மாட்டைப் புதைத்த இடத்தின் பக்கம் போகக்கூடாது; அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க் கிருமியின் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். எலும்பைக் கொதிக்க வைத்தால் கொழுப்பு உள்ளே இறங்கி மஞ்சளாகிவிடும், பிளீச்சிங் பவுடர் எலும்பையே அரித்துவிடும்; ஆகவே சோப்புத் தண்ணீரில் ஊறவைப்பதும் வெயிலும் போதும்.

இன்னொன்றைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கப்பட்ட விலங்கின் எலும்பு, ஓடு, கொம்பு ஆகியவற்றை வைத்திருப்பதையும் கட்டுப்படுத்துகிறது. ஆமை, மயில், மான், உடும்பு எல்லாம் இதில் அடங்கும். பிள்ளை ஆசைப்பட்டாலும் ஆமையோட்டை வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது. கண்மாய்க் கரையில் ஓர் ஆமையோடு கிடைத்தபோது நாங்கள் அங்கேயே உட்கார்ந்து பார்த்தோம். உட்புறம் நடுவே முதுகெலும்பு ஓடுவதும், விலா எலும்புகளே அகன்று ஒன்றோடொன்று இணைந்து கூரையாகியிருப்பதும் தெரிந்தன. ஆமை ஓட்டை விட்டு வெளியே வருவதாகக் கேலிச்சித்திரத்தில் பார்த்திருந்த பிள்ளைகள், அது முடியவே முடியாது என்று கண்டுகொண்டார்கள். படம் வரைந்து, நாளையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, ஓட்டைக் கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டோம்.

இப்போது அவர்களுடைய குறிப்பேட்டில் விடை எழுதப்படாமல் இருப்பது ஒரு மாட்டுத் தொடை எலும்பு. அதன் ஒரு முனையில் இணைகோடுகளாகப் பல்தடம் இருக்கிறது. நாய் கடித்தால் குழியும் கீறலும் விழும். இப்படிச் சீவியதுபோல் கோடு விழாது என்கிறான் அண்ணன் மகன். முள்ளம்பன்றி எலும்பை வளைக்கு இழுத்துச் சென்று கொறிக்கும் பழக்கமுள்ளது. கரையின் அந்தப் பக்கத்தில் அதன் முள் ஏதாவது கிடக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.