நாலு பேர், 220 லிட்டர்: கரிசல் மண் வீட்டில் ஆறு வாரக் கணக்கு

கிராமத்துக் குழாய் இணைப்புக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். வறட்சியில் தவித்த தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2018 பிப்ரவரி 1 முதல் 50தான் என்றார்கள். 55 என்றே வைத்தாலும் நாலு பேருக்கு 220. கோவில்பட்டிப் பக்கத்து வீடு ஒன்றில் அதற்குள் அடங்குகிறதா என்று பார்த்த குறிப்பு இது.

முதல் வாரம் அளப்பது மட்டும். 500 லிட்டர் தொட்டியின் வெளிக்குழாயில் ஒரு T வடிவ இணைப்பு போட்டு, கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபைச் செங்குத்தாகக் கட்டியாச்சு. ஸ்கேல் வைத்துச் சமமாகப் பிரித்தால் தப்பு வரும். தொட்டியின் அடியும் தோளும் வளைவு. 20 லிட்டர் கேனால் ஊற்றி ஊற்றித்தான் கோடு போட வேண்டும். தினமும் காலையில், மோட்டார் போடுமுன் பார்க்கணும்.

வாளிக் கணக்கு: குடிக்க, சமைக்க 25; குளிக்க ஆளுக்கு 18 லிட்டர் வாளி ஒன்று, ஆக 72; பாத்திரம் 30; கழிப்பறை 60; துணி 77. மொத்தம் 264. தொட்டி காட்டிய வாரச் சராசரியோ 268. அந்த நாலு லிட்டர் எங்கே போச்சு? கொல்லைக் குழாயடியில் ஒரு மணி நேரம் டம்ளர் வைத்ததில் 180 மில்லி சேர்ந்தது. நாளுக்கு 4.3 லிட்டர். வாஷர் மாற்றியதும் இரண்டு கணக்கும் ஒத்துப்போனது.

பாத்திரம் சுலபம். ஓடும் குழாயை விட்டு இரண்டு பேசினுக்கு மாறினால் 18.

துணியில்தான் வேலை அதிகம். செமி ஆட்டோமேட்டிக் மிஷின், ஒரு நிரப்புக்கு 45 லிட்டர். ஒரு சோப்பு, இரண்டு அலசல் என்றால் 135. வாரம் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு நடை: 540. முதல் நடையின் கடைசி அலசல் தண்ணீரையே அடுத்த நடையின் சோப்புக்கு வைத்தால் நாளுக்கு 45 மிச்சம். வாரம் 450, நாள் சராசரி 64. இந்த மிஷினில் தண்ணீர் தானாக வடிவதுதான், பம்ப் கிடையாது. ஹோஸைத் தூக்கி வாளியில் விட்டால் தொட்டி வடியாது. ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி மிஷினை ஒன்றரை அடி உயர்த்திய பிறகே வாளிக்குள் இறங்கியது. அது குதிக்காமலிருக்க நாலு காலுக்கும் ரப்பர் வேணும்.

சோப்புத் தண்ணீர் கழிப்பறைக்கு. ஃப்ளஷ் டேங்கில் ஊற்றவே கூடாது. அழுக்கு படிந்து வால்வு அடைத்துக்கொள்ளும். ஐந்தாறு லிட்டரை இடுப்புயரத்திலிருந்து சடக்கென்று கோப்பைக்குள் ஊற்றணும். அன்றைக்கே தீர்க்கணும், மறுநாள் நாறும். துவைக்கிற நாளில் 60 லிட்டர் நல்ல தண்ணீர் தப்புகிறது, சராசரியில் 17; ஆகக் கழிப்பறைக்கு 43.

மீதி அலசல் தண்ணீர் வாழைக்கு. மூன்றடிக்கு மூன்றடி, இரண்டடி ஆழக் குழி, உள்ளே தேங்காய் மட்டை, சருகு, சுற்றிலும் மூன்று கன்று. இங்கேதான் அடி வாங்கியது. மூன்றாம் வாரம் குழியோரம் வெள்ளை பூத்து, நாலாம் வாரம் தண்ணீர் இறங்காமல் நின்றது. இலை விளிம்பு கருகல். பவுடரில் சலவைச் சோடா போன்ற சோடியம் உப்புகள்தான் பெரும்பங்கு. அந்தச் சோடியம் கரிசலின் களிமண்ணைக் கரைத்துப் பிசைந்த மாவாக்கி, துளைகளை அடைத்துவிடும். செம்மண்ணில் இவ்வளவு சீக்கிரம் தெரியாது.

செய்த மாற்றம்: பவுடர் போய் லிக்விட், அதுவும் பாதி அளவு. இரண்டாவது குழி, மாற்றி மாற்றிப் பாய்ச்ச. சதுர மீட்டருக்கு அரை கிலோ ஜிப்சம் தூவி நாலு அங்குலம் கொத்திவிட்டது. ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை இடம்பெயர்த்தாலும், உப்பைக் கீழே தள்ள நல்ல தண்ணீர் வேணும், அதாவது மழை. ஐப்பசிக்கு முன் போடுவதுதான் புத்திசாலித்தனம். ப்ளீச் போட்ட நாள், குழந்தைத் துணி அலசிய நாள் தண்ணீர் சாக்கடைக்கே. கீரைக்கும் கிழங்குக்கும் எந்த நாளும் வேண்டாம்.

ஆறாம் வாரம்: 25 + 72 + 18 + 43 + 64 = 222. குளியல் வாளியில் ஒரு விரற்கடை குறைத்தால் அந்த இரண்டும் போகும். ஆனால் இது தை மாதக் கணக்கு. சித்திரையில் சாயங்காலமும் ஒரு குளியல் உண்டு, அப்போது 294.